நாற்பத்தாறாவது வரிசை

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று ஒரு பலகை தொங்கியது. பலகை மாட்டிய ஆணியே துருப்பிடித்துப் போயிருந்ததால், இது இன்று நேற்று வந்த கோளாறு அல்ல என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் யாரும் தேவைப்படவில்லை.

"நாலாவது மாடி, அண்ணி," என்றேன்.

"தெரியும்."

"முட்டி வலிச்சா சொல்லுங்க. இங்க பெஞ்சுல உக்காந்தே துப்பறியலாம். கண் ஆஸ்பத்திரிதானே, நாம மேல போனோமா இல்லையான்னு யாரு பாக்கப் போறா?"

அண்ணி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினார். இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களை மோப்பம் பிடித்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம் துப்பறியும் நிலையம் என்று வாசலில் போர்டு மாட்டினார். போர்டுக்கு ஆணி அடித்துக் கொடுத்ததோடு என் அண்ணன் ஒதுங்கிக்கொண்டான். நாற்பத்து மூன்று வயதில் வேலை போய், வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த கொழுந்தன் நான், உதவியாளன் ஆனேன். இரண்டு பேருமே களைத்த கேஸ்கள்தான்.

எங்களுக்குப் பின்னால் எங்கள் கட்சிக்காரர் வந்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரின் மனைவி. கணவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். காலையில் போனில் ஆரம்பித்த பேச்சை அவர் இன்னும் முடிக்கவில்லை.

"பதினாலு மாசமா வீட்ல உக்காந்திருக்காரு மேடம். ரெண்டு கண்ணுலயும் கருவிழி புகை மூட்டமாப் போச்சு. போன மாசம் சுவத்துல ஒட்டின முதல் பத்துப் பேர் லிஸ்ட்ல முதல் பேரு இவருதுதான். நேத்து போன் பண்ணி, கருவிழி வந்திருக்கு, வாங்கன்னாங்க. பையைத் தூக்கிட்டு வந்தா, நீங்க ரெண்டாவதுங்கறாங்க. முதல்ல யாருன்னா, லிஸ்ட் எழுதற அந்தப் பொம்பளையே! கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுக் காத்திருந்தோமே, இதுக்குத்தானா?"

"கண் ஆஸ்பத்திரில வேற ஏதாவது சொட்டு மருந்து குடுத்திருப்பாங்களே," என்றேன்.

அண்ணி படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தார். மீதி மாடிகளை வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

மேலாளர் ஒல்லியாக, மூன்று நாள் தூங்காதவர் போல இருந்தார். நாங்கள் உட்காரும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப மணி பதினொண்ணு. நாலு மணிக்குள்ள பெரிய டாக்டருக்கு ஒரு பேர் சொல்லியாகணும். தியேட்டர் தயாரா இருக்கு. தானமா வந்தது ரெண்டு. ஒண்ணு தேறலை. இருக்கறது ஒண்ணுதான். கருவிழிக்கு ரத்தப் பொருத்தமெல்லாம் பாக்க வேண்டியதில்லை, யாருக்கு வெச்சாலும் பொருந்தும்."

"லிஸ்ட் எப்படி மாறிச்சு?" என்று கேட்டார் அண்ணி.

"பதினோரு வருஷமா பதிவேட்டுக் குமாஸ்தா அம்மாதான் அந்த லிஸ்ட்டை வெச்சிருந்தாங்க. வேர்டுல ஒரு பெரிய டேபிள். ஆபரேஷன் ஆனவங்க வரிசையை அழிச்சிடுவாங்க, கீழ இருக்கறவங்க ஒரு படி மேல வருவாங்க. போன வாரம் அதை டேட்டாபேஸ் புரோகிராமுக்கு மாத்தினோம். இன்னிக்குக் காலையில முதல் தடவையா திறந்து பாத்தா, முதல் பேரு அந்தம்மாவுது. பதிவு தேதி ஆறு வருஷத்துக்கு முந்தினது!"

"ஆறு வருஷம் முன்னாடி பதிஞ்சிருக்கலாமே?"

"பதிஞ்சிருந்தா என்னைக்கோ கூப்பிட்டிருப்பாங்களே? இங்க எவ்வளவு லேட் ஆனாலும் ஒண்ணரை வருஷம்தான். தேதி பொய்னு குழந்தைக்கே தெரியும். காலையிலயே சஸ்பெண்ட் பண்ணிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

மேலாளர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லலை. அதான் எனக்கும் ஒரு மாதிரி இருக்கு. கைப்பையை எடுத்துக்கிட்டுக் கீழ பெஞ்சுல போய் உக்காந்துட்டாங்க. அஞ்சு மணிக்கு அவங்க தம்பி வந்து கூட்டிட்டுப் போவாராம். தினமும் அப்படித்தான்."

"பழைய வேர்டு ஃபைல்?"

"நோயாளிங்க விவரம் வெளிய போயிடக் கூடாதுன்னு அழிக்கச் சொல்லிட்டேன். அவங்க கம்ப்யூட்டரையும் புதுசா துடைச்சு வெச்சாச்சு."

"ரொம்ப சுத்தமான ஆஸ்பத்திரி," என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

குமாஸ்தாவின் மேஜை மருந்துக் கிடங்கை ஒட்டிய சின்ன அறையில் இருந்தது. ஜன்னல் இல்லை. கம்ப்யூட்டர் திரையை மேஜையின் இந்த விளிம்புவரை இழுத்து வைத்திருந்தார்கள், இன்னும் ஒரு விரல் இழுத்தால் மடியில் விழும். நாற்காலியின் சக்கரங்கள் தரையில் இரண்டு தடம் பதித்திருந்தன. இரண்டும் மேஜைக்கு அடியில்வரை போயின.

"பாத்தீங்களா? யாரும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு திரையை மூஞ்சிக்கு நேரா இழுத்து வெச்சிருக்காங்க," என்றேன். "மடியில கனம் இருக்கறவங்க செய்யற வேலை."

"அப்படிச் சொல்லுங்க தம்பி!" என்றார் கிரேன்காரர் மனைவி. அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அண்ணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு எங்கே சாக்குக் கிடைத்தாலும் அவர் விடுவதில்லை. தடத்தின் கடைசிவரை நாற்காலியை நகர்த்திப் பார்த்தார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழுப்பேறிய சுற்றறிக்கையைக் காட்டி, "அதைப் படி," என்றார்.

படித்தேன். எல்லாப் பதிவுகளிலும் தேதியை எழுதும்போது நாள், மாதம், ஆண்டுக்கு நடுவே சாய்கோடு மட்டுமே போட வேண்டும், புள்ளி வைக்கக் கூடாது என்று மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். நாலு வருடத்துக்கு முந்தைய அறிக்கை.

"உலகத்துல பாதிப் பிரச்சினை இதனாலதான் அண்ணி. புள்ளி வெக்கற கூட்டம்."

"கிண்டல் பண்ணாம அந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்க," என்றார் அண்ணி. எழுந்திருக்க ஒரு கையை நீட்டினார். தூக்கிவிட்டேன்.

டேபிளை டேட்டாபேஸுக்கு மாற்றியவர் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த கம்ப்யூட்டர்காரர். இரண்டாவது மாடியில், பழைய கட்டில்களுக்கு நடுவே அவருக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐம்பதை நெருங்கிய மனிதர். கழுத்தில் ஒரு பட்டை, கையில் ஆறிப்போன டீ. வேர்டு டேபிள் என்ற வார்த்தையைக் கேட்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதைப் பத்திப் பேசணுமா?"

"பேசணும்," என்றார் அண்ணி, ஒரு கட்டிலில் உட்கார்ந்தபடி.

"நாப்பத்தாறு பேருங்க. அரை மணி நேர வேலைன்னு நெனச்சேன். டேபிளை அப்படியே எடுத்துப் புரோகிராமுக்குள்ள போட்டேன். நாப்பத்தாறு பேரு தொண்ணூத்தெட்டு பேரா ஆயிட்டாங்க."

"எப்படி?"

"அந்தம்மா முகவரி அடிக்கறப்ப ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டியிருக்காங்க. கட்டத்துக்குள்ள பாக்க அழகா இருக்கும். புரோகிராமுக்கு அழகெல்லாம் தெரியாது. என்டர் தட்டினா அடுத்த ஆளு வந்துட்டாருன்னு நெனச்சுக்கும். கதவு நம்பர் ஒரு ஆளு, தெரு ஒரு ஆளு."

"அப்ப ஒரு தெருவுக்கே கண் ஆபரேஷன் பண்ண இருந்தீங்க," என்றேன்.

"ரெண்டு தெருவுக்கு. ஒரு சந்துக்கு." அவர் சிரிக்கக்கூட இல்லை. "ஒவ்வொரு என்டரையும் தேடித் தேடி எடுத்தேன். கழுத்துப் பிடிச்சுக்கிச்சு. மறுபடி நாப்பத்தாறு பேரா உள்ள கொண்டுவந்தா, வரிசை நம்பரைக் காணோம்."

அண்ணி நிமிர்ந்தார். "காணோம்னா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஓரத்துல இருந்துதே, அதை அவங்க அடிக்கலை. வேர்டே தானா போட்டுக்கிற நம்பர் அது. திரையில தெரியும், பிரின்ட்ல வரும், ஆனா கட்டத்துக்குள்ள உண்மையில ஒண்ணும் கிடையாது. உள்ள கொண்டுவந்தா அந்தக் கட்டமெல்லாம் காலி. யாரு முதல், யாரு கடைசின்னு சொல்ல ஒண்ணுமில்லை. ராத்திரியெல்லாம் யோசிச்சு, சரி, பதிவு தேதி இருக்கே, அதை வெச்சு அடுக்கிடலாம்னு அடுக்கினேன். முதல்ல பதிஞ்சவங்க முதல்ல. நியாயம்தானே?"

"தேதியை வெச்சு அடுக்கப் போறேன்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"யாருகிட்டயும் சொல்லலை. கடைசி நாள்ல எனக்கே தோணினதுதான்."

"தேதியெல்லாம் ஒழுங்கா வந்துதா?"

கம்ப்யூட்டர்காரர் டீயை எடுத்தார், பிறகு திரும்ப வைத்தார். "நாப்பத்தஞ்சு பேருக்கு வந்துது. ஒருத்தருக்கு மட்டும் காலியா நின்னுது. அதை நான் பழைய ஃபைலைப் பாத்துக் கையால அடிச்சேன்."

"யாருக்கு?" என்றேன், பதில் தெரிந்தே.

"அந்தம்மாவுக்குத்தான்."

கட்டில் கிறீச்சிட்டது. கிரேன்காரர் மனைவி எழுந்து நின்றிருந்தார்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா மேடம்? நாப்பத்தஞ்சு பேருக்கு மெஷின் போட்டுதாம், அவளுக்கு மட்டும் இந்தாளு கையால போட்டாராம்! ரெண்டு பேரும் கூட்டு!"

எனக்கும் அப்படித்தான் பட்டது. அகப்பட்டார் ஆசாமி என்று கதவுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். உண்மையில் அவர் ஓடியிருந்தால் துரத்துகிற தெம்பு எனக்கு இல்லை. நல்லவேளையாக அவருக்கும் ஓடுகிற தெம்பு இல்லை.

"ஃபைல்ல இருந்ததைத்தான் அடிச்சேன்," என்றார் அவர் மெதுவாக. "அந்தம்மாவை நான் ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். நான்னு நெனச்சு வேற யாருக்கோ வணக்கம் சொன்னாங்க."

அண்ணி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஏன் அந்த ஒரு தேதி மட்டும் உள்ள போகலை?"

"தெரியலை. புரோகிராம் ஏத்துக்கலை. உள்ள போகாததையெல்லாம் அது தனியா ஒரு குட்டி டேபிள்ல குறிச்சு வெச்சுக்கும். அதை அழிக்க மறந்துட்டேன்."

"காட்டுங்க."

அவர் திரையைத் திருப்பினார். அந்தக் குட்டி டேபிளில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. என்ன பிழை: தேதியாக ஏற்க முடியவில்லை. எந்தக் கட்டம்: பதிவு தேதி. எந்த வரிசை: நாற்பத்தாறு.

அண்ணி அதை இரண்டு தடவை படித்தார். அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அவரோடு இருந்து பழகியவர்களுக்குத் தெரியும், கண்டுபிடித்துவிட்டால் அண்ணிக்குச் சந்தோஷம் வராது, அசதிதான் வரும்.

"இந்த நாப்பத்தாறுங்கறது எது? பழைய வேர்டு டேபிள்ல அவங்க இருந்த இடமா?"

"ஆமா. அடுக்கறதுக்கு முன்னாடி, உள்ள வந்த வரிசைப்படி."

"மொத்தம் எத்தனை பேரு?"

"நாப்பத்தாறு."

"வேர்டுல இருந்தப்ப யாரைக் கூப்பிடணும்னு எதை வெச்சு முடிவு பண்ணாங்க? தேதியையா, இடத்தையா?"

"இடத்தைத்தான். மேல இருக்கறவங்க முதல்ல. தேதி பாவம், அது பாட்டுக்கு ஒரு கட்டத்துல இருந்துது."

"அப்ப பதினோரு வருஷமா அந்த லிஸ்ட்டை ஆட்டி வெச்ச ஒருத்தி, முந்திக்கணும்னு நெனச்சா எந்த இடத்துல இருந்திருப்பா?"

கீழே எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் முனகிக்கொண்டு போனது.

நான் விடவில்லை. உதவியாளன் என்றால் குறுக்கே பேசத்தான் வேண்டும். "ஏன் அண்ணி, புதுப் புரோகிராம் வரப் போகுதுன்னு தெரிஞ்சதும், போன வாரம் கடைசியில ஒரு வரிசை சேத்து, பழைய தேதியைப் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். போன வாரம் அடிச்சிருந்தா எப்படி அடிச்சிருப்பாங்க?" அண்ணி கிரேன்காரர் மனைவியிடம் திரும்பினார். "உங்க பதிவுச் சீட்டு வெச்சிருக்கீங்களாம்மா?"

அவர் பையைக் கவிழ்த்துத் தேடி ஒரு சீட்டை நீட்டினார். குண்டு குண்டான கையெழுத்து. பதினாலு மாதத்துக்கு முந்தைய தேதி, நடுவே ஒழுங்கான இரண்டு சாய்கோடுகள்.

"மேலாளர் சொன்ன நாள்லேருந்து இவங்க புள்ளியே வெக்கலை. கையில ஊறிப்போச்சு. நாப்பத்தஞ்சு பேரு தேதியும் சாய்கோடு, அதனால புரோகிராம் ஏத்துக்கிச்சு. ஒண்ணு மட்டும் திக்கிச்சுன்னா அதுல என்ன இருந்திருக்கும்?"

கம்ப்யூட்டர்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "புள்ளி! புள்ளிதாங்க. இப்ப ஞாபகம் வருது. நான் அடிக்கறப்ப கோடாப் போட்டுட்டேன்."

"அப்ப அந்த வரிசை நாலு வருஷத்துக்கு முன்னாடியே அடிச்சது. அன்னிலேருந்து அசையாம கடைசியில இருந்திருக்கு. லிஸ்ட்டுல முதல் பேரைத்தான் எல்லாரும் பாப்பாங்க. கடைசி வரிசையை எவன் பாக்கறான்?"

"நாலு வருஷம் யாராவது கடைசியிலயே இருப்பாங்களா?" என்றார் கிரேன்காரர் மனைவி. அவர் குரலில் இப்போது பாதிக் கோபம்தான் இருந்தது. மீதி பயம். தன் கணவரின் இடம் கையை விட்டு நழுவுகிறது என்று அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

"அதை அவங்களைத்தான் கேக்கணும்," என்றார் அண்ணி. "தம்பி, கையைக் குடு."

மேலாளரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ஏதோ கோப்புகளில் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவர் எங்களை இரண்டு மணி நேரம் காக்க வைத்திருந்தார், அதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது.

கீழ்த்தளத்து நீளப் பெஞ்சில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அகலமான தோளோடு, மடியில் துணிப்பை வைத்திருந்த ஆண். இன்னொருவர் ஐம்பது வயதுப் பெண், இறுக்கிப் பிடித்த கைப்பை. இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒன்றுமில்லை.

"இவ பக்கத்துல போய் உக்காந்திருக்கீங்களே, இவ யாருன்னு தெரியுமா?" என்று கத்தினார் கிரேன்காரர் மனைவி.

"தெரியும்," என்றார் கிரேன்காரர். "மாசாமாசம் போன் பண்ணி நீங்க இத்தனாவதுன்னு சொல்ற குரல். காலையிலயே கண்டுபிடிச்சிட்டேன். சண்டை போடத் தெம்பில்லை. ரெண்டு பேருமா சும்மா உக்காந்திருக்கோம்."

அண்ணி அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, கையை நீட்டினார். கை இடுப்பு உயரத்தில் காற்றில் நின்றது. அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை. காலடிச் சத்தம் வந்த திசையை நோக்கி முகத்தைத் திருப்பி, யார் பேசப் போகிறார்கள் என்று காத்திருந்தார்.

திரையை ஏன் விளிம்புவரை இழுத்து வைத்தார், நாற்காலி ஏன் மேஜைக்கு அடியில்வரை போனது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் நான் அடித்த ஜோக் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து, எனக்கு வெட்கமாக இருந்தது.

"பதினோரு வருஷமா என் மாடியிலதான் வேலை பாக்கறாங்க," என்றார் மேலாளர் திகைத்துப்போய். "கண்ணு இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியவே இல்லையே!"

"கண் ஆஸ்பத்திரில யாரு யாரைப் பாக்கறாங்க?" என்றார் அண்ணி. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "உங்க பதிவுச் சீட்டு கைப்பையிலதானே இருக்கு?" என்று தணிவாகக் கேட்டார்.

அவர் தடவி எடுத்துக் கொடுத்தார். மடித்து மடித்து நைந்துபோன சீட்டு. தேதியில் இரண்டு புள்ளிகள். ஆறு வருடத்துக்கு முந்தையது. கீழே ஒரு டாக்டரின் கையெழுத்து.

மேலாளர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த டாக்டர் வேலையை விட்டுப் போயே அஞ்சு வருஷம் ஆச்சு." சீட்டை மடிப்பு கலையாமல் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, காலையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா கண்ணு தெரியாதுன்னு வேலையை விட்டு எடுத்திருப்பீங்க," என்றார் அவர். "சொல்லலைன்னா திருடின்னு எடுக்கறீங்க. எதுக்கு வாயைத் திறக்கணும்?"

"ஆறு வருஷமா ஏன் கடைசியிலயே இருந்தீங்க?" என்று கேட்டேன். என் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை என்பதை நானே கவனித்தேன்.

அவர் கொஞ்ச நேரம் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நான் பதிஞ்ச மறுநாளே ஒரு டிரைவர் வந்து எதிர்ல உக்காந்தாரு. அவருக்குக் குடும்பம் பெருசு. என் வரிசைக்கு மேல ஒரு வரிசை சேத்து அவரைப் போட்டேன். நல்ல காரியம் பண்ணிட்டோம்னு அன்னிக்கு நல்லாத் தூங்கினேன். அப்புறம் வந்த எல்லாரையும் எனக்கு மேலயே சேத்தேன். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, அது தியாகம் இல்லை, பயம். கண்ணுல கத்தி வெப்பாங்கன்னு நெனச்சாலே எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துடும். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. கடைசி வரிசை என்னுதுன்னு விரலுக்கே தெரியும், கண்ணு வேண்டியதில்லை." அவர் கிரேன்காரர் பக்கம் திரும்பினார். "இன்னிக்கும் இவருக்கே வெச்சுடுங்க. என்னைப் பழையபடி கடைசியில போட்டுடுங்க."

கிரேன்காரர் மனைவியின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பதினாலு மாதம் சும்மாவா?

மேலாளர் கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார். அவரும் கழுத்துப் பட்டையோடு எங்கள் பின்னால் இறங்கி வந்திருந்தார்.

"போட முடியாதுங்க," என்றார் அவர். "புது புரோகிராம்ல மேல, கீழன்னு ஒண்ணு கிடையாது. யாரையும் யாருக்கும் மேல செருக முடியாது. பதிவு தேதி மட்டும்தான். உங்க தேதி இருக்கற வரைக்கும் நீங்கதான் முதல்ல வருவீங்க, நாளைக்கும், அடுத்த வருஷமும். தேதியை மாத்தினாத்தான் கீழ போவீங்க. அது பொய்."

"அந்தப் பொய்யைத்தான் நீங்க பண்ணினதா காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்காங்க," என்றார் அண்ணி. "இப்ப நிஜமாவே பண்ணச் சொல்றீங்களா?"

குமாஸ்தாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. பயத்தில்தான் அழுதார், அதைப் பக்கத்தில் இருந்த எல்லாராலும் பார்க்க முடிந்தது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் சத்தத்தைக் கேட்டுத் தன் துணிப்பையைத் துழாவி ஒரு துண்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"போங்கம்மா," என்றார் கிரேன்காரர். "நீங்க போய் வந்து எப்படி இருந்துதுன்னு சொன்னீங்கன்னா எனக்கும் கொஞ்சம் தைரியமா இருக்கும். எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். இவகிட்ட சொல்லலை."

கிரேன்காரர் மனைவி எங்கள் பக்கம் திரும்பினார். "மேடம், இவங்களைப் பிடிச்சுக் குடுக்கத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

"பிடிச்சுக் குடுத்தாச்சும்மா," என்றார் அண்ணி.

கிரேன்காரர் மனைவி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கீழே கிடந்த தன் கணவரின் செருப்பை ஓரமாகத் தள்ளி வழிவிட்டு, குமாஸ்தாவின் முழங்கையைப் பிடித்தார். மென்மையாக எல்லாம் பிடிக்கவில்லை.

"எந்திரிங்க. லிஃப்ட் இல்லை. நாலு மாடி ஏறணும். படி இருக்கு, பாத்து."

மேலாளர் முன்னால் ஓடினார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு ஏறினார்கள். முதல் திருப்பத்தில் கிரேன்காரர் மனைவியின் குரல் கேட்டது.

"எங்க தேதி மாறாதில்லை?"

அழுகைக்கு நடுவே குமாஸ்தாவின் குரல் அந்தத் தேதியைச் சொன்னது, பிறகு அவர்கள் வீட்டு போன் நம்பரை, கதவு எண்ணை, தெருவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் நிறுத்தி, என்டர் தட்டுகிற மாதிரி.

காலடிச் சத்தம் மேலே மேலே போய்க் கேட்காமல் போனது. அண்ணி பெஞ்சிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். நானும் உட்கார்ந்தேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

சுவர்க்கடிகாரம் நாலு அடித்தது. மணியோசையைக் கிரேன்காரர் விரல் விட்டு எண்ணினார்.

"ஏங்க," என்றார், யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் பொதுவாக. "இப்ப நான் எத்தனாவது?"

"முதல்," என்றார் அண்ணி.